பின்னிருக்கைக்கு அடியில்

"என்னடா, நாரு கருகுற வாசம் வருது?"

பின்னிருக்கையிலிருந்து அம்மா கேட்டபோது கார் சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இரண்டு பக்கமும் நடைபாதை கொள்ளாத கூட்டம். ஓட்டிக்கொண்டிருந்த மாமா திரும்பிப் பார்க்காமலே, "கோயில்ல சாம்பிராணி போட்டிருப்பாங்கக்கா" என்றார்.

"சாம்பிராணி வாசம் எனக்குத் தெரியாதா? இது தேங்கா நாரு."

அம்மா சின்ன வயதில் மாட்டுக் கொட்டகையில் கொசுவுக்குத் தேங்காய் நார் மூட்டம் போட்டு வளர்ந்தவள். அந்த வாசனையை அவளிடம் வாதாடி மாற்ற முடியாது. மாமா பக்கத்துச் சாலையில் திருப்பி ஓரங்கட்டினார். அவருடையது 1965-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டில். "நாடும் காரும் ஒரே வயசு" என்று யாரிடமும் சொல்லுவார். அதற்கு இரண்டே கதவுகள். பின்னால் இருப்பவர்கள் இறங்க வேண்டுமானால் முன்னால் இருப்பவர்கள் முதலில் இறங்கி, இருக்கையை மடக்கி வழிவிட வேண்டும். மூட்டுவலிக்கார அம்மாவும் ஆறு வயது அக்கா மகளும் அந்தச் சந்துக்குள்ளிருந்து வெளியே வர எத்தனை நேரம் ஆகியிருக்கும்? ஒரு நிமிடம்கூட இருக்காது. அந்த நிமிடம் இன்னும் எனக்கு முடிந்தபாடில்லை.

பின்னிருக்கையின் மெத்தையைத் தூக்கினோம். அடிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு நார் கருகியிருந்தது. சுருள்கம்பி ஒன்று நீலம் பாரித்துப்போயிருந்தது. அதற்கு நேர் கீழே பேட்டரி. மாமா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நாரின்மேல் ஊற்றினார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று எங்களிடம் சொன்னார், அல்லது காரிடம் சொன்னார்.

*

நடந்ததைப் புரிந்துகொள்ள மின்பொறியியல் எதுவும் தேவையில்லை. பேட்டரியின் எதிர்முனை காரின் உடம்போடு கட்டப்பட்டிருக்கிறது. அதாவது காரின் இரும்பு முழுவதுமே ஒரு முனை. நேர்முனை மட்டும் தனியாகத் தலை நீட்டிக்கொண்டிருக்கும். மேலே உட்கார்ந்திருக்கும் மனிதரின் எடையில் மெத்தையின் சுருள்கம்பிகள் கீழே இறங்குகின்றன. ஒரு கம்பி நேர்முனையைத் தொட, மெத்தையின் சட்டம் காரின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரு மெல்லிய கம்பி வழியாகப் பாயும். ஃப்யூஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். அது விளக்குக்கும் வைப்பருக்கும் போகும் வழியில் இருக்கிறது. இங்கே மின்சாரம் அதுவரை போகவே இல்லை. கம்பி பழுக்கிறது. கம்பிக்கு மேல் இருப்பது உலர்ந்த நார்.

பழைய பீட்டில் வைத்திருப்பவர்களிடையே உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம் இது. கனமானவர்களைப் பின்னால் ஏற்றாதே என்று அவர்கள் பாதி வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வது இதனால்தான். இதில் என்னைக் குடைந்தது ஒரு சின்ன விவரம். இருக்கையின் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தால் கம்பி தொடாது. நம்பி, சாய்ந்து, முழு எடையையும் கொடுத்து உட்கார்ந்தால்தான் தொடும்.

சரி, பேட்டரியை ஏன் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? கார் வரலாற்றில் பேட்டரி தாமதமாக வந்த விருந்தாளி. ஈய அமில பேட்டரியை பிளான்டே 1859-லேயே செய்துவிட்டார். ஆனால் ஆரம்பகால பெட்ரோல் கார்களுக்கு அவ்வளவு பெரிய பேட்டரி தேவைப்படவில்லை. முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பினார்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கைப்பிடி திரும்பி அடிக்கும், மணிக்கட்டு முறியும். 1912 மாடல் கேடிலாக்கில் சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. ஃபோர்டு மாடல் டி அதற்கு 1919 வரை காத்திருந்தது. ஸ்டார்ட்டர் வந்ததும் அதைச் சுழற்றக் கனமான பேட்டரி வேண்டியிருந்தது. காரிலோ எல்லா இடமும் ஏற்கெனவே பங்கு போடப்பட்டுவிட்டது. அதனால் வீட்டுக்குள் கடைசியில் வந்த பீரோவைப் போல, எங்கே இடுக்கு இருந்ததோ அங்கே திணித்தார்கள். ஏறும் படியில், தரைப்பலகைக்கு அடியில், இருக்கைக்கு அடியில். எம்ஜிபி காரில் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள் இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்குள் ஒளிந்திருக்கும். 1959-ல் மினியை வடிவமைத்த இஸிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி முன்பக்கத்தை நிரப்பிவிட்டதால் பேட்டரி பின்னால் டிக்கிக்குப் போனது. நம்ம ஊர் அம்பாசடர் பானெட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டது, இடத்துக்குப் பஞ்சமில்லாத வண்டி அது. பீட்டிலுக்கு எஞ்சினும் ஸ்டார்ட்டரும் பின்னால். பேட்டரி அருகில் இருந்தால் கம்பி குட்டையாக இருக்கும், மின்னழுத்தம் வழியில் வீணாகாது. பின்னிருக்கைக்கு அடியில் என்பது ஒரு பொறியாளரின் மூளைக்கு மிகச் சரியான விடை. அதில் தப்பே சொல்ல முடியாது. மேலே யாரும் உட்காராதவரை.

*

ஃபேரர் பார்க்கிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால் கார் உதிரிபாகக் கடைகள் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. பட்டறைகளில் பல சின் மிங், ஊபி, காக்கி புக்கிட் என்று போய்விட்டன. அவை இருந்த இடங்களில் இப்போது பூப்போட்ட கோப்பையில் காபி தருகிறார்கள். எஞ்சியிருக்கும் ஒரு கடையில் மாமாவுக்குப் பழக்கமான சீன அங்கிள் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். மலாயும் ஆங்கிலமும் கொஞ்சம் தேக்கா தமிழும் கலந்து பேசுவார். மறுநாள் காரை இழுவை வண்டியில் ஏற்றி அவரிடம் கொண்டுபோனோம்.

பேட்டரியை இடம் மாற்ற வேண்டும் என்று நான் சொன்னேன். கூடாது என்று மாமா சொன்னார். அங்கிள் ஒரு தே ஓ சொல்லிவிட்டு எங்களை உட்காரவைத்து, ஒவ்வொரு இடமாகப் போட்டுக் காட்டினார்.

முன்பக்க பானெட்டுக்குள் வைக்கலாம். பீட்டிலில் அங்கேதான் பெட்ரோல் டேங்க் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது பேட்டரி ஹைட்ரஜனை வெளிவிடும், காற்றில் நான்கு சதவீதம் சேர்ந்தாலே அது பற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். ஒரு பொறி போதும், அதுவும் பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில். அது போக, ஸ்டார்ட்டர் பின்னால் இருப்பதால் முன்னாலிருந்து விரல் தடிமனில் ஒரு கம்பி கார் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். எல்லோருடைய காலடியிலும் அது ஓடும். அதன் ரப்பர் எங்கே எப்போது உரசித் தேயும் என்று யாருக்குத் தெரியும்? பின்னால் எஞ்சினுக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்றால் இடம் கிடையாது, சூடு வேறு. வெப்பம் பத்து டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்களின் பழைய கணக்கு. சிங்கப்பூர் வெயிலில் அந்தக் கணக்குக்கு மேலும் வட்டி. பின்னிருக்கைக்குப் பின்னால் சாமான் வைக்கும் பள்ளத்தில் வைக்கலாம். அப்போது மோதல் நடந்தால் அமிலப் பெட்டி பின்னால் இருப்பவர்களின் கழுத்துக்கு அருகில் இருக்கும்.

அங்கிள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதன் சாரம் இது: எங்கே வைத்தாலும் அது அதேதான். யார் பக்கத்தில் இருக்கணும் என்று நீங்க சொல்லுங்க, நான் அங்கே வைத்துத் தருகிறேன்.

அவர் தொழில்காரராகத்தான் பேசினார், தத்துவம் எதுவும் உத்தேசித்திருக்க மாட்டார். ஆனால் இந்தக் கேள்வியை இதைவிடச் சுருக்கமாகக் கேட்க முடியாது. காரில் ஆபத்தே இல்லாத இடம் என்று ஒன்று இல்லை. ஆபத்தைக் குறைக்கலாம், மூடலாம், துண்டிக்கலாம். மிச்சமிருப்பதை ஒருவர் அருகில் வைத்தே ஆக வேண்டும். யார் அருகில் என்று தீர்மானிப்பவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்.

*

மாமாவின் பக்கத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் அலட்சியக்காரர் இல்லை. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர், பாதுகாப்பு விதிகளைத் தூக்கத்திலும் ஒப்பிப்பார். இந்தக் காரை ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரிடமிருந்து கையில் இருந்த பணத்தையெல்லாம் போட்டு வாங்கினார். சிங்கப்பூரில் ஒரு பழைய காரை வைத்திருப்பது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சிஓஇ 1990-ல் வந்ததிலிருந்து ஒரு காரின் ஆயுள் இங்கே பத்து வருடம், அதற்கு மேல் புதுப்பிக்க மறுபடியும் பணம். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய கார்களுக்குப் பழம்பெரும் வாகனத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்தால் ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம். மிச்சமுள்ள 320 நாளும் கார் வீவக வாகன நிறுத்துமிடத்தில் துணி போர்த்திக்கொண்டு தூங்கும். தூங்கும் காரில் முதலில் சாவது பேட்டரிதான். அதனால் மாமா வருடத்துக்குப் பலமுறை பின்னிருக்கையைத் தூக்கி அதைச் சார்ஜ் போடுவார்.

"நாப்பத்தஞ்சு நாள்தான் விடுறாங்க. அதுலயும் இத மாத்து, அத மாத்துன்னா, கடைசில நான் ஓட்டுறது யாரோட காரு?" என்றார்.

தீசியஸின் கப்பல் கதையை நாமெல்லாம் எங்காவது படித்திருப்போம். பலகை பலகையாக மாற்றிக்கொண்டே போனால் அது அதே கப்பல்தானா? மாமா அதைப் படித்ததில்லை, ஆனால் இருபது வருடமாக அதோடு குடித்தனம் நடத்துகிறார். மாற்றிய ஒவ்வொரு பாகத்தையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். கார்புரேட்டர், பிரேக் சிலிண்டர், தரைத் தகடு. ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு தோல்வி. பேட்டரி எந்த இடத்தில் இருக்கிறது என்பது பாகம்கூட இல்லை, அது காரின் எண்ணம். அதை மாற்றக் கூடாது என்பது அவர் வாதம்.

எனக்கு ஒரிஜினல் என்ற சொல்மேல் எப்போதும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. பீட்டிலுக்கு என்ன ஒரிஜினல்? 1938-ல் அதற்கு இட்ட பெயர் கேடிஎஃப் வாகனம். 'மகிழ்ச்சியின் வழியே வலிமை' என்ற நாஜி அமைப்பின் பெயரின் சுருக்கம். வாராவாரம் வில்லை ஒட்டிப் பணம் சேர்த்தால் கார் கிடைக்கும் என்று நம்பிச் சுமார் 3,36,000 ஜெர்மானியர்கள் சேமித்தார்கள். போருக்கு முன் ஒருவருக்கும் கார் போய்ச் சேரவில்லை. போரின்போது அந்தத் தொழிற்சாலையில் அடிமை உழைப்பு நடந்தது. போருக்குப் பிறகு பிரிட்டிஷ் மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் அதை மறுபடி ஓடவைத்தார். பிறகு அதே கார் ஹிப்பிகளின் காராகி, இரண்டு கோடிக்கு மேல் விற்று, 2003-ல் மெக்சிகோவில் ஓய்ந்தது. பழமையை அப்படியே காக்க வேண்டும் என்பவர்களில் ஒருவரும் பழைய பெயர்ப்பலகையைத் திரும்ப மாட்டச் சொல்வதில்லை. நல்லவேளை.

நாங்கள் வசிக்கும் பேட்டையிலும் இதே கதைதான். லிட்டில் இந்தியா 1989-ல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. கடைவீடுகளின் முகப்பு, ஜன்னல், பூவேலை எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். சரிதான், எனக்கும் அவற்றின் முன்னால் நின்று படம் எடுக்கப் பிடிக்கும். ஆனால் பின்சந்து எதற்காக இருந்தது? பல வீடுகளிலிருந்து மலவாளி வெளியே போனது அந்த வழியாகத்தான். சிங்கப்பூரில் மலவாளிகள் முழுவதும் ஒழிந்தது 1987-ல். முகப்பைப் பாதுகாத்தவர்கள் வாளியைப் பாதுகாக்கவில்லை என்று யாரும் குறைபட்டுக்கொண்டதில்லை. பாதுகாப்பது என்றாலே பொறுக்கி எடுப்பதுதான். எதைப் பொறுக்கினோம், எதை விட்டோம் என்பதில்தான் விவகாரம்.

மாமாவிடம் இதையெல்லாம் சொல்லி வாதத்தில் ஜெயித்திருப்பேன். அப்போது அங்கிள் குனிந்து பேட்டரித் தட்டைப் பார்த்துவிட்டு, "மூடி எங்கே?" என்று கேட்டார்.

*

பீட்டிலைச் செய்தவர்கள் முட்டாள்கள் இல்லை. பேட்டரிக்கு மேலே மனிதர் உட்காருவார் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் மின்சாரம் கடத்தாத ஒரு மூடியும், அதை இறுக்கிக் கட்ட ஒரு பட்டையும் காரோடு கொடுத்தார்கள். அதுவும் ஒரிஜினல்தான். மாமாவின் காரிலும் அது இருந்தது, போன மாதம் வரை.

போன மாதம் பழைய பேட்டரி செத்துப்போனபோது புதிதாக வாங்கிப் பொருத்தியது நான். மாமாவுக்கு முதுகு பிடித்திருந்தது. முன்பே யாரோ பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றிய கார் அது. கடையில் கிடைத்த பேட்டரி ஒரு விரற்கடை உயரம் கூடுதல். தட்டில் உட்கார்ந்தது. மூடி மட்டும் மூடவில்லை. அழுத்திப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். மணி எட்டு, பசி வேறு. மூடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு இருக்கையைப் போட்டு அழுத்தினேன். சாவியைத் திருப்பினேன், கார் கிளம்பியது. மாமா கைதட்டினார்.

அது எங்கே என்று அங்கிள் கேட்டபோது எனக்குத் தெரிந்திருந்தது. என் வீட்டு ஷூ அலமாரிக்கு மேல், செய்தித்தாள் அடுக்குக்குப் பக்கத்தில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் முன்னிருக்கையில் உட்கார்ந்தேன். கால் நீளம் என்று காரணம் சொன்னேன். உண்மையில் முன்னால் இருந்தால்தான் வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும். பின்னிருக்கையை அம்மாவுக்கும் குழந்தைக்கும் கொடுத்தது நான். அதன் அடியில் மூடியில்லாத பேட்டரி இருப்பது காரில் இருந்த நான்கு பேரில் எனக்கு மட்டுமே தெரியும். தெரியும் என்பதுகூடப் பெரிய சொல். நினைவில் இல்லை. நினைவில் இல்லாமல் போனதே எப்படி என்பதுதான் என்னைப் படுத்துகிறது. அதே மூடியில்லாத பேட்டரி என் தொடைக்கு அடியில் இருந்திருந்தால் நினைவு வந்திருக்குமா? வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இடத்தை மாற்றுவதா வேண்டாமா என்று நாங்கள் மணிக்கணக்காக மோதியதில் ஒரு சௌகரியம் இருந்தது. இடம் பழசு, வடிவமைத்தவர்கள் ஜெர்மனியில், எப்போதோ. குற்றம் அங்கே இருந்தால் எனக்கு நல்லது. ரால்ஃப் நேடர் 1965-ல் அமெரிக்கக் கார்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலின் வாதமே, விபத்துக்கு ஓட்டுநரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள், வடிவமைப்பையும் பாருங்கள் என்பது. அவரோடு தொடர்புடைய வாகனப் பாதுகாப்பு மையம் 1972-ல் பீட்டிலைப் பற்றியே தனியாக ஒரு நூல் போட்டது. அந்த வாதம் கோடிக்கணக்கான உயிர்களுக்கு நல்லது செய்த வாதம், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இங்கே வடிவமைப்பாளர் தன் இடத்தையும் அதற்கான மூடியையும் சேர்த்தே கொடுத்திருந்தார். மாமா இடத்தை வைத்துக்கொண்டார், நான் மூடியை விட்டேன். மரபை இரண்டு பேருமாகச் சேர்ந்து பங்கிட்டுக்கொண்டதில் பின்னிருக்கைக்குப் போனது வெறும் கம்பி.

*

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும், மூடி உட்பட. அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி விடு, தெரியாமத்தானே செஞ்ச" என்றாள். பிறகு, "தம்பிகிட்ட இத வச்சு சண்டை போடாத, வண்டின்னா அவனுக்கு உசுரு" என்றாள்.

அடியில் பேட்டரி இருக்கிறது, மூடி இல்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பாயா என்று கேட்டேன்.

"உக்காந்துதான் இருப்பேன். அவன் ஆசையா கூப்புடுறான், மாட்டேன்னா சொல்ல முடியும்?"

ஒழுக்கவியலில் ஆபத்து பற்றிப் பேசும்போது முதலில் வந்து நிற்பது சம்மதம். என் ஆபத்தை நான் விரும்பி ஏற்கலாம், மலையேறலாம், மோட்டார் சைக்கிள் ஓட்டலாம். அடுத்தவர்மேல் சுமத்துவதென்றால் அவரிடம் சொல்ல வேண்டும், அவர் ஒப்ப வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அம்மாவின் பதில் அதை ஒரே வரியில் கவிழ்த்துவிட்டது. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருப்பாள். அவள் ஒப்புதலை வாங்கி நான் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். கம்பி அதனால் குளிர்ந்துவிடாது. மறுக்க முடியாத இடத்தில் இருப்பவர் கொடுக்கும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு?

ஃபேரர் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமை இரவு நின்றால் இந்தக் கேள்வி உறவு வட்டத்தைத் தாண்டி வெளியே வந்துவிடும். நாளெல்லாம் தேக்காவில் ஊர்க்காரர்களைப் பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பும் தமிழர்கள், வங்காளதேசிகள். மறுநாள் காலை அவர்களில் பலர் வேலைக்குப் போவது லாரியின் பின்தட்டில். சரக்கு வண்டியின் பின்னால் ஆட்களை ஏற்றக் கூடாது என்பது இங்கே பொது விதி, தொழிலாளர்களை வேலைக்கு ஏற்றிப்போவது அதற்கு விலக்கு. கூரையும் உயர்ந்த கம்பித் தடுப்பும் சட்டத்தில் வந்திருக்கின்றன. அதுவும் ஒருவகை மூடிதான், நல்லதுதான். 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் நின்றிருந்த டிப்பர் மீது லாரி மோதிப் பின்னால் இருந்த தொழிலாளர்களில் இருவர் இறந்தார்கள். 2023-ல் நாடாளுமன்றத்தில் மறுபடி விவாதம் வந்தது. பேருந்துக்கு மாறினால் செலவு கூடும், சின்ன நிறுவனங்கள் தாங்காது, ஓட்டுநர்கள் கிடைக்க மாட்டார்கள் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். அவை பொய்யான காரணங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். குட்டையான கம்பி நல்லது என்பதும் பொய்யில்லையே. பின்தட்டில் ஏறுபவருக்கு ஆபத்து தெரியாதா? நன்றாகத் தெரியும். ஊரில் கடன் வாங்கிக் கொடுத்த ஏஜெண்டுப் பணம் அதைவிட நன்றாகத் தெரியும். ஏறுகிறார்.

ஒரு மெத்தை கருகியதையும் லாரியையும் சேர்த்துப் பேசுவது மிகை என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கே எழுதும்போது ஒரு கூச்சம் இருக்கிறது. என் மாமாவுக்கு அம்மாமேல் இருக்கும் பாசம் எந்த நிறுவனத்துக்கும் எந்தத் தொழிலாளிமேலும் கிடையாது. ஆனால் பாசம் இருந்தும் இப்படித்தான் நடந்தது என்பதால்தான் சேர்த்து யோசிக்கிறேன். உட்காரும் ஏற்பாடு ஒன்றுபோல இருக்கிறது.

இந்த ஊருக்குப் பழைய உதாரணமும் உண்டு. 1942 பிப்ரவரி 15 அன்று புக்கித் தீமாவில் ஒரு கார் தொழிற்சாலையில், ஃபோர்டு தொழிற்சாலையில், பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைவுக் கையெழுத்தைப் போட்டார். இரண்டு நாள் கழித்து, 17-ஆம் தேதி, இந்தியப் படைவீரர்களை மட்டும் தனியாக ஃபேரர் பார்க் திடலில் கூட்டினார்கள். சுமார் 45,000 பேர் என்பார்கள். ஒரு பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பிறகு மோகன் சிங் பேசினார், இந்திய தேசிய ராணுவம் அங்கே தொடங்கியது என்று நாம் பெருமையாக நினைவுகூர்கிறோம். பெருமைதான். எனக்கு என்னவோ அந்தக் கைமாற்றும் கணத்தில்தான் மனம் நிற்கிறது. வண்டி எங்கே போகிறது என்று கேட்கப்படாமல் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.

*

கடைசியில் பேட்டரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான்தான் விட்டுக்கொடுத்தேன். மாமாவுக்காக மட்டும் இல்லை. அங்கிள் காட்டிய மற்ற இடங்களில் எதுவும் பின்னால் இருப்பவருக்கு இதைவிட நல்லதாக எனக்குப் படவில்லை. தட்டுக்கு ஏற்ற குட்டையான பேட்டரியைத் தேடி ஒரு வாரம் அலைந்தேன், அமிலம் சிந்தாத மூடிய வகை. சுருள்கம்பிகளின் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றை அங்கிள் வைத்துக் கட்டினார். நேர்முனைக்குத் தனியாக ஒரு தொப்பி. பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃப்யூஸும், கையெட்டும் தூரத்தில் மின்சாரத்தை அடியோடு துண்டிக்கும் ஒரு திருகுசாவியும் வைத்தார். மாமா முகத்தைச் சுளித்தார், ஆனால் நோட்டில் எழுதிக்கொண்டார். ஷூ அலமாரியிலிருந்து நான் எடுத்துப்போன பழைய மூடி, புதுப் பேட்டரிமேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. பட்டைதான் இற்றுப்போயிருந்தது, புதிதாகத் தைத்தோம்.

எல்லாம் முடிந்ததும் அங்கிள் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பார்க்கணும் என்றால் யாராவது பின்னால் உட்காருங்கள் என்றார். நான் ஏறப்போனேன். மாமா என்னைத் தள்ளிவிட்டு முன்னிருக்கையை மடக்கினார்.

இருபது வருடத்தில் அவர் தன் காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எப்படி நுழைவது என்றே அவருக்குத் தெரியவில்லை. தலையை இடித்துக்கொண்டார். முழங்காலை எங்கே வைப்பது என்று தடுமாறினார். "அக்கா எப்படி இதுல ஏறுனுச்சு?" என்றார். பிறகு முழு எடையையும் போட்டு இரண்டு மூன்று தடவை குதித்துப் பார்த்தார். அங்கிள் காரைக் கிளப்பினார். அந்த வருடத்தின் 45 நாளில் ஒன்று அதற்குப் போனது.

ஜாலான் புசாரிலிருந்து சையத் ஆல்வி சாலை வழியாக முஸ்தஃபாவைச் சுற்றிக்கொண்டு வந்தோம். நான் முன்னால். மாமா வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. சிக்னலில் நின்றபோது மட்டும், எங்கள் இருவர் தலைகளுக்கும் நடுவில் முகத்தை நீட்டி, "இங்க இருந்து ரோடே தெரியலையேடா" என்றார். மூக்கை உறிஞ்சி ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, மறுபடி பின்னால் சாய்ந்தார்.